உயிர் இரை விடியும்வரை சாகாமல் இருக்க...



இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். கேரித்தீவு, பந்திங், ஜெராம், கோல சிலாங்கூர், பாகான் டத்தோ என்று கடலோரத் தோட்டங்களில் இருக்கும் நம்மவர்களுக்கு இது வெறும் பழமொழி அல்ல, ஞாயிற்றுக்கிழமைக் காரியம். சனிக்கிழமை சாயங்காலமே ஜெட்டியில் உயிர் றாலும் பூம்பூன் புழுவும் வாங்கி வைத்துக்கொண்டு, விடியற்காலையில் தண்ணீர் ஏறும் நேரத்துக்குத் தூண்டிலோடு கிளம்பிவிடுகிறோம்.

ஆனால் காலையில் என்ன நடக்கிறது? "ராத்திரி துள்ளிக்கிட்டு இருந்திச்சிண்ணே, இப்பப் பார்த்தா எல்லாம் வெளுத்துப் போயி கெடக்கு" என்ற புலம்பல்தான். செத்த றாலைக் கெலாமாவும் செம்பிலாங்கும் தின்னும். சியாக்காப்புக்கு அதெல்லாம் ஆகாது. அதற்கு அசைகிற இரைதான் வேண்டும்.

இது பொழுதுபோக்குச் சங்கதிதானே என்று தள்ளிவிட வேண்டாம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிச் சொச்சம். அதில் பாதியை இரைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால், வீட்டில் இருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

றால் ஏன் சாகிறது?

முதல் காரணம் மூச்சுத் திணறல். றாலும் தண்ணீரில் கரைந்த காற்றைத்தான் சுவாசிக்கிறது. தண்ணீர் சூடாக ஆகக் காற்றைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்குக் குறையும். 30 டிகிரிச் சூட்டில் ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 6 மில்லிகிராம் பிராண வாயுதான் நிற்கும். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த வாளி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே உயரமான வாளியைவிட அகலமான பாத்திரம் நல்லது. காற்றுப் படும் பரப்பு அதிகம். மீன் கடைக்காரர்கள் கழித்துப் போடும் போலிஸ்டிரின் பெட்டி இன்னும் நல்லது. வெளிச்சூடு உள்ளே ஏறாது. சின்னக் காற்றுப் பம்பு ஒன்று இரவு முழுக்க ஓடட்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு 20 றாலுக்கு மேல் திணிக்காதீர்கள். ராத்திரி கரண்டு போய்விட்டால் பேட்டரியில் ஓடும் பம்பு கைகொடுக்கும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்டு போனதும் குழாய் வழியாகத் தண்ணீர் பம்புக்குள் இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம் அதன் சொந்தக் கழிவு. றால் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. அடைத்து வைத்த தண்ணீரில் அது சேர்ந்துகொண்டே போய் நஞ்சாகும். "பாவம், பசிக்குமே" என்று சோறோ ரொட்டியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போடவே கூடாது! ஓர் இரவு பட்டினியில் றால் சாகாது; அழுகிய சோற்றில் சாகும். செத்ததை உடனே எடுத்து எறியுங்கள். ஒன்று அழுகினால் மற்றதும் போய்விடும்.

மூன்றாவது காரணம் தண்ணீர் மாற்றம். றால் வாங்கிய இடத்துத் தண்ணீரையே ஒரு கேனில் கூடுதலாகப் பிடித்து வந்து பக்கத்தில் வையுங்கள். படுக்கப் போகுமுன் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு அதை மெதுவாக ஊற்றுங்கள். பைப்புத் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, உப்பு இல்லை. சமையல் உப்பைக் கரைத்து ஊற்றினாலும் அது கடல் நீர் ஆகிவிடாது.

குளிர்ச்சிக்கு ஐஸ் கட்டியை நேரே கொட்டாதீர்கள். ஐஸ் கரைந்தால் உப்பு நீர்த்துப் போகும். ஒரு போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியோடு மிதக்க விடுங்கள். ஒன்று போதும், திடீர்க் குளிரும் றாலுக்கு ஆகாது.

தோல் உரிக்கும் றாலை மற்ற றால்கள் கடித்துத் தின்றுவிடும். கிழிந்த வலைத் துண்டு ஒன்றை உள்ளே போட்டால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

பூம்பூன் புழு

புழுவின் கதை வேறு. அதைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டாம். கடல் நீரில் நனைத்துப் பிழிந்த பழைய பேப்பரைத் தட்டையான டப்பாவில் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று குவியாமல் பரப்பி, மேலே இன்னொரு பேப்பரைப் போர்த்துங்கள். மூடியில் நாலு ஓட்டை போடுங்கள். நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் புழு ஊதி வெடித்துவிடும்.

அறுந்த புழுவை முதலிலேயே பொறுக்கித் தனியாக வையுங்கள். அதிலிருந்து வடியும் நீர் நல்ல புழுவையும் கெடுக்கும். ஐஸ் பெட்டியில் வைப்பதானால் காய்கறி வைக்கும் அடித்தட்டில் வையுங்கள். உறையும் பகுதியில் வேண்டாம். அதுவும் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டு வையுங்கள்!

கையில் இருக்கும் நஞ்சு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இத்தனையும் சரியாகச் செய்தும் சிலர் வீட்டில் றால் சாகிறது. காரணம் தண்ணீரில் இல்லை, கையில் இருக்கிறது.

செம்பனைக் கன்றுகளில் காண்டாமிருக வண்டுக்கு அடிக்கும் சைபர்மெத்ரின் மருந்து றாலுக்குக் கொடிய விஷம். கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். கொசுவத்தியிலும் கொசு ஸ்பிரேயிலும் அதே இனத்து மருந்துகள்தாம் உள்ளன. பம்பு அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை மறக்காதீர்கள். புகை இருக்கும் அறையில் இரையை வைக்காதீர்கள்.

மருந்து வந்த கேனைக் கழுவிவிட்டு அதில் றால் வைப்பதைச் சில லயங்களில் காண்கிறோம். அந்தக் கேன் எத்தனை தடவை கழுவினாலும் மருந்துக் கேன்தான். நேற்று றாலுக்கு, நாளைக்குக் குடிதண்ணீருக்கு என்று ஆகிவிடும். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. பழைய கேன் ஏதாவது வீட்டின் பின்னால் கிடந்தால் அதைத் தொட்டுப் புழங்க வேண்டாம், நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள்.

மருந்து அடித்துவிட்டு வந்த கையால் தொட்ட றால் செத்தால் நமக்கு நஷ்டம் கொஞ்சம் காசு. அதே கையால்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறோம். இதை நம் பெண்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பல தோட்டங்களில் மருந்து அடிப்பவர்கள் அவர்கள்தாம்.

கையுறை, முகமூடி, வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீர், சவர்க்காரம் — இவை யாரும் போடும் பிச்சை அல்ல. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்லுகிறது. கொடுக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். தேதி, இடம், மருந்தின் பெயர் மூன்றையும் எழுதிக்கொண்டு சங்கக் கிளைச் செயலாளரிடம் போங்கள். எழுத்தில் இருந்தால்தான் நிர்வாகத்திடம் பேச முடியும்.

வருகிற சனிக்கிழமை றால் வாங்கி வந்தால் முதல் வேலையாகச் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவி, நன்றாக அலசிவிட்டுப் பெட்டியைத் தொடுங்கள். சியாக்காப் சிக்குவது உங்கள் அதிர்ஷ்டம். விடியும்வரை றால் உயிரோடு இருப்பது உங்கள் கையில்.