சொத்தைப் பல்லாக நின்ற கோபுரம்

பெர்லின் நகரின் மேற்குப் பகுதியில், பிரைட்ஷைட் சதுக்கத்தில் மேற்பாதி உடைந்த கோபுரம் ஒன்று நிற்கிறது. கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தில் மிஞ்சியது அதுதான். கட்டப்பட்டபோது அதன் உயரம் 113 மீட்டர். இன்று ஏறத்தாழ 71. பெர்லின்வாசிகள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘சொத்தைப் பல்’.

போரை நினைத்து வருந்துவதற்காகக் கட்டப்பட்ட ஆலயம் அல்ல இது. ஜெர்மானியப் பேரரசின் முதல் பேரரசர் முதலாம் வில்ஹெல்முக்கு அவருடைய பேரன் இரண்டாம் வில்ஹெல்ம் எழுப்பிய நினைவுச் சின்னம். தாத்தாவின் பிறந்தநாளான மார்ச் 22 அன்று, 1891-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பிரதிஷ்டை நடந்தது 1895 செப்டம்பர் 1-ல். செடான் போரில் ஜெர்மானியப் படைகள் பிரான்ஸைத் தோற்கடித்து அப்போது சரியாக 25 ஆண்டுகள். ஆலய மணிகளும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. சுவரிலும் விதானத்திலும் மொசைக் ஓவியங்கள். அவற்றில் ஹோஹென்சோலர்ன் அரச குடும்பத்தார் வரிசையாக ஊர்வலம் போகிறார்கள். கர்த்தருக்குக் கட்டியதா, குடும்பத்துக்குக் கட்டியதா என்று கேட்கத் தோன்றும்.

கட்டடக் கலைஞர் ஃபிரான்ஸ் ஷ்வெக்டென். பெர்லினில் அவர் கட்டிய புகழ்பெற்ற அன்ஹால்ட்டர் ரயில் நிலையத்திலும் இன்று எஞ்சியிருப்பது முகப்பின் ஒரு துண்டு மட்டுமே.

இரண்டாம் உலகப் போரின்போது பீரங்கியிலிருந்து பிறந்த மணிகளில் பெரும்பாலானவை மறுபடியும் ஆயுதத்துக்காக உருக்கப்பட்டன. 1943 நவம்பரில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதில் ஆலயம் தீப்பற்றி எரிந்தது. கூரை சரிந்தது, கோபுரத்தின் உச்சி முறிந்தது.

போருக்குப் பின் நடந்த வடிவமைப்புப் போட்டியில் 1957-ல் கட்டடக் கலைஞர் எகோன் ஐயர்மான் வென்றார். இடிபாட்டை முழுவதுமாக அகற்றிவிட்டுப் புது ஆலயம் கட்டுவது அவர் திட்டம். நகரமே கொதித்தது; பத்திரிகைகளுக்குக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. குண்டுகளில் பெரும்பகுதியை இழந்த ஊரில், பழைய பெர்லினுக்கு அடையாளமாகக் கண்ணில் பட்ட கோபுரத்தை விட்டுக்கொடுக்க மக்கள் தயாராக இல்லை. ஐயர்மான் இறங்கிவர வேண்டியதாயிற்று. கோபுரத்தை நடுவில் விட்டு, ஒரு பக்கம் எண்கோண ஆலயமும் மறுபக்கம் அறுகோண மணிக்கூண்டும் வைத்து வரைபடத்தை மாற்றினார். 1961 டிசம்பர் 17-ல் புது ஆலயம் பிரதிஷ்டை ஆனது. இன்று அந்தச் சதுக்கத்துக்கு அழகு சேர்ப்பது, கட்டடக் கலைஞர் விரும்பாத அந்தச் சமரசம்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் புது ஆலயம் சாம்பல் நிறக் கான்கிரீட் பெட்டி. உள்ளே போனால் முழு நீலம். கான்கிரீட் கட்டங்களுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். நீலத்தின் நடுவே அங்கங்கே சிவப்பும் பச்சையும் மஞ்சளும். சுவர் இரட்டைச் சுவர். இடையில் உள்ள வெளி, தெரு இரைச்சலைத் தடுக்கிறது; அங்கேயே விளக்குகளும் இருப்பதால் இரவிலும் நீலம் மங்குவதில்லை. கண்ணாடிகளைச் செய்தவர் கப்ரியேல் லுவார், சார்த்ர் நகரத்து பிரெஞ்சுக்காரர். பிரான்ஸின் தோல்வியைக் கொண்டாடிய ஆலயத்தின் இடத்தில் இப்போது பிரான்ஸின் கண்ணாடி.

‘ஸ்டாலின்கிராட் மடோனா’ என்னும் கரிக்கோல் ஓவியமும் இங்கே உண்டு. 1942 கிறிஸ்துமஸ் சமயத்தில், முற்றுகைக்குள் சிக்கியிருந்த ஜெர்மன் ராணுவ மருத்துவரும் போதகருமான குர்ட் ராய்பர், சோவியத் வரைபடம் ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்தது. குழந்தையைப் போர்வைக்குள் பொத்தி வைத்திருக்கும் தாய். ராய்பர் சோவியத் சிறைமுகாமில் இறந்தார்.

கோபுரத்தின் தரைத்தளம் 1987 முதல் நினைவு மண்டபம். குண்டுவீச்சில் விரிசல் கண்ட மொசைக் மன்னர்கள் அங்கே அப்படியே இருக்கிறார்கள். ஜெர்மன் விமானங்கள் 1940-ல் எரித்த இங்கிலாந்தின் கவென்ட்ரி பேராலயத்தின் கூரை ஆணிகளால் செய்த சிலுவையும் அங்கே இருக்கிறது. எரித்தவர்களின் ஊருக்கு எரிந்த ஊர் கொடுத்தது.

2016 டிசம்பர் 19-ல் ஆலயத்தை ஒட்டிய கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரி ஒன்று ஏற்றப்பட்டுப் பலர் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு, ஆலயப் படிகளில் பொன்னிற உலோகம் பதித்த பிளவுக்கோடும் இறந்தவர்களின் பெயர்களும் இடம்பெற்றன.

இடிபாட்டை இடிபாடாகவே வைத்திருப்பது சுலபமல்ல. மழையும் பனியும் கல்லை அரிக்கின்றன. போக்குவரத்து அதிர்வு வேறு. 2010-களின் தொடக்கத்தில் கோபுரம் நெடுநாள் சாரங்களுக்குள் மறைந்திருந்தது. விழக்கூடிய கற்கள் இறுக்கப்பட்டன; முறிந்த உச்சியை மட்டும் யாரும் கட்டி முடிக்கவில்லை. அரை நூற்றாண்டிலேயே ஐயர்மானின் கான்கிரீட்டுக்கும் பழுதுபார்ப்பு தேவைப்பட்டது.