முந்திரி வந்த வழியில் போனவர்கள்

பெரம்பலூரின் மானாவாரிக் கரிசலில் விளையும் மக்காச்சோளமும், அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பகுதிகளில் தோப்புத் தோப்பாக நிற்கும் முந்திரியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். முந்திரியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர். 1500இல் பிரேசிலில் கரையிறங்கிய கப்ரால் அதே பயணத்தில் கோழிக்கோட்டுக்கும் வந்தவர். மலையாளத்தில் முந்திரிக்குப் பறங்கிமாவு என்றே ஒரு பெயருண்டு.

கடல்வழி வணிகம் என்றதும் இத்தகைய பயிர்களும் நறுமணப் பொருள்களுமே நினைவுக்கு வருகின்றன. கப்பலேற்றப்பட்ட மனிதர்களைப் பற்றிய பேச்சு அரிது.

அரியலூருக்குத் தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் தஞ்சை நாடு. அதன் துறைமுகமான நாகப்பட்டினத்தை 1658இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த ஆண்டே பீஜப்பூர்ப் படை தஞ்சைக்குள் நுழைந்தது, பஞ்சமும் சேர்ந்துகொண்டது. பட்டினியால் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரை டச்சுக் கம்பெனி மலிவாக வாங்கி, இலங்கைக்கும் இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவுக்கும் அனுப்பியது.

இதை ஐரோப்பியக் கொடுமை என்று மட்டும் சொல்லி முடிப்பது நமக்கு வசதியானது. ஆனால், நிலத்தோடு சேர்த்து ஆட்களை விற்பதும் அடகு வைப்பதும் காவிரிப் படுகையில் முன்பே வழக்கிலிருந்தன. பறையரும் பள்ளருமே அதில் பெரிதும் சிக்குண்டனர். ஆளை விலைபேசும் முறையைக் கம்பெனி இங்கு உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த முறைக்குக் கடல் கடந்த சந்தையொன்றைத் திறந்துவிட்டது. அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று சட்டம் வந்தது 1843இல்தான். அதன் பிறகும் பண்ணையாள் முறை ஒழியவில்லை. 1952இல் தஞ்சை மாவட்டத்துக்காக இயற்றப்பட்ட சட்டத்தின் தலைப்பிலேயே ‘பண்ணையாள்’ என்ற சொல் இருந்தது.