கிள்ளினால் கிளைக்கும்!

செண்டுமல்லி விதைப் பாக்கெட்டில், 'பின்ச் ஆஃப் தி டிப்ஸ்' என்று போட்டிருந்தது. இங்கிலீஷ் நாவல்களில் 'பின்ச்' என்றால் சுடுவது. சர்வரின் டிப்ஸையா சுடச் சொல்கிறான்? பி.காம். மூளை குழம்பியது.

"நுனியைக் கிள்ளச் சொல்லியிருப்பான்டா" என்றாள் அம்மா, சப்பாத்தி மாவைக் கிள்ளி உருட்டியபடி. மாவுக்கும், களிமண் பொம்மை செய்கிறவருக்கும்கூட அதே 'பின்ச் ஆஃப்'தான். கத்தி வேண்டாம், இரண்டு விரல் போதும்.

நுனியில் சுரக்கும் 'ஆக்சின்' பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனி போனால் அவை கிளம்பும். செடி படர்ந்து பூ கூடும். மனசே இல்லாமல் கிள்ளினேன். கொஞ்ச நாளில் பக்கமெல்லாம் துளிர்!

அந்த வருஷம் ஆபீஸில் என் இன்க்ரிமென்ட்டையும் கிள்ளிவிட்டார்கள். கடுப்பில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் படிப்பது அந்தப் பக்கக் கிளை, சார்!