தெருவே ஓவியச் சந்தை!

படம் வரைந்தால் போதுமா? விற்க வழி வேண்டுமே! காட்சிக்கூட வாடகைக்கும் கமிஷனுக்கும் பயந்து, வரைந்ததை வீட்டிலேயே அடுக்கி வைக்கும் ஓவியர்கள் எத்தனையோ பேர்.

1960ல் தொடங்கிய கர்நாடக சித்ரகலா பரிஷத் இதற்கு ஒரு வழி கண்டது. ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, பெங்களூரு குமாரகிருபா சாலையில் "சித்ர சந்தே" கூடுகிறது. 22வது சந்தை 2025 ஜனவரி 5ந் தேதி நடந்தது. பிற மாநில ஓவியர்களும் கடை விரிக்கிறார்கள். தஞ்சாவூர்ப் படங்களும் வருகின்றன. இடைத்தரகர் இல்லை. ஓவியரே விலை பேசுகிறார். லட்ச ரூபாய்ப் படமும் உண்டு. குமாஸ்தா வாங்கக்கூடிய நூறு ரூபாய்ப் படமும் உண்டு.

ஒரு நாள் சந்தைதான். ஆனால், வாங்கியவர் குறித்துக்கொண்டு போகும் விலாசம், பிறகும் ஓவியருக்கு வேலை தேடித் தரும்!