மாத்திரை ஏன் முதியோரைத் தள்ளாடச் செய்கிறது?

மெல்பர்னில் மகன் வீட்டில் வாழும் பாட்டி நள்ளிரவில் எழுந்து நிற்கும் கணத்தில், ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் உடலின் கீழ்ப்பாகத்துக்கு இறங்க, கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணர்விகள் அதை மூளைக்கு அறிவித்து, இதயத்தை விரைவுபடுத்தி, நாளங்களைச் சுருக்கி, சிரசுக்குச் செல்லும் இரத்தம் குறையாமல் காக்கின்றன. முதுமையில் இயல்பாகவே மந்தமாகும் இவ்வேற்பாட்டை இரத்த அழுத்த மாத்திரைகள் சில மேலும் தளர்த்தக்கூடும்; தூக்க மாத்திரையோ, முதிய தேகம் அதை மெதுவாகவே வெளியேற்றுவதால், விடிந்த பின்னும் தங்கியிருந்து, கால் இடறும்போது சமாளிக்கும் வேகத்தைக் குறைக்கிறது. சிட்னி மருத்துவ அறிஞர் சாரா ஹில்மர் முதலியோர் 2007இல் வெளியிட்ட மருந்துச் சுமைக் குறியீடு, மயக்கமூட்டும் மருந்துகள் முதலானவற்றின் கூட்டு விளைவை ஓர் எண்ணாக்கிக் காட்டுகிறது. மருத்துவர் பரிந்துரைத்தால் மருந்தாளுநர் இல்லத்துக்கே வந்து மருந்துகளை ஆராயும் திட்டமும் ஆஸ்திரேலியாவில் 2001 முதல் உண்டு. ஆயினும், மாத்திரையைத் தாமாக நிறுத்துவது அபாயம். மருத்துவர் யோசனைப்படி குறைப்பதே உசிதம்.