கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர்கள்

விடிகாலை நாலரை மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கவே வேண்டாம். இறங்குகிறவர்கள் கையிலிருக்கும் பையே ஊரைச் சொல்லிவிடும். கருப்பட்டிக் கொட்டான் என்றால் உடன்குடிப் பக்கம். காராச்சேவுப் பொட்டலம் என்றால் சாத்தூர். அரிசி மூட்டை இறங்கினால் தஞ்சாவூரோ திருவாரூரோ. சென்னையில் கிடைக்காத அரிசியா என்று மகன் சலித்துக்கொள்வான். அம்மா காதில் வாங்கமாட்டாள்.

சென்னைக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று யாரைக் கேட்டாலும் இப்போது சென்ட்ரல் பக்கம்தான் கை நீட்டுகிறார்கள். ஹவுரா ரயிலைப் பாருங்கள் என்கிறார்கள். பொய்யில்லை, ஒரகடத்துக் கட்டட வேலையிடங்களில் தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள் ஒடிசா, பீகார்க்காரர்கள்தான். ஆனால் அட்வான்ஸ் கொடுத்து வீடு பிடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, ரேஷன் கார்டை மாற்றுகிற கூட்டம் வேறு. 2001 கணக்கெடுப்பின்படி சென்னை நகருக்குக் குடிவந்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டத்துக்காரர்கள். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிக்கொண்டே போனதால், எனக்கு இப்போதைக்கு பஸ் ஸ்டாண்டுதான் கணக்குப் புத்தகம்.

வந்தவர்கள் நகரத்துக்குள் தங்குவதும் குறைந்துவிட்டது. 2001-க்கும் 2011-க்கும் இடையில் சென்னை மாநகரம் 43 லட்சத்திலிருந்து 46 லட்சமாகத்தான் வளர்ந்தது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டமோ 29 லட்சத்திலிருந்து 40 லட்சத்தைத் தொட்டது. என் கண்ணுக்கு இதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது: ஊர் பஸ் எந்தப் பக்கம் நுழைகிறதோ, அந்தப் பக்கமே வீடு. நெல்லூர், குண்டூர்க்காரர்களுக்கு மாதவரம், செங்குன்றம். வேலூர்க்காரர்களுக்குப் பூந்தமல்லி. மதுரைக்குத் தெற்கே பிறந்தவர்களுக்குப் பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. பொங்கலுக்குக் கிளம்ப வசதி, அவ்வளவுதான் காரணம். 2023 டிசம்பர் கடைசியில் கோயம்பேட்டை விட்டுத் தெற்கத்தி பஸ்களின் ஸ்டாண்டே கிளாம்பாக்கத்துக்கு வந்தபோது, நகரம் முழுக்கத் திட்டியது. ஊரப்பாக்கம் மட்டும் உள்ளுக்குள் சிரித்தது.

வாடகை வீட்டில் ஏழெட்டு வருஷம் இருந்தபின் மனை வாங்குகிறார்களே, என் கவலை அங்கேதான் தொடங்குகிறது.

இவர்கள் யாரும் தண்ணீர் தெரியாதவர்கள் அல்ல. கண்மாய்க்கரையில் ஓடி விளையாடியவர்கள். மழை வலுத்தால் எந்த வயல் முதலில் முழுகும், எந்த மேட்டில் மாட்டைக் கட்டலாம் என்று ஊரில் பத்து வயதுப் பையனும் சொல்வான். இங்கே வந்ததும் அந்த அறிவு ஊமையாகிவிடுகிறது. பாதிக் காரணம் சொல் என்று நினைக்கிறேன். சிவகங்கைக்காரருக்கு ஊர்த் தண்ணீர் தேங்கும் இடம் கண்மாய், நிரம்பி வழியும் இடம் கலுங்கு. திருநெல்வேலிக்காரருக்குக் குளம், மறுகால். செங்கல்பட்டில் இரண்டுமே மாறி, ஏரி, கலங்கல் என்று ஆகிவிடுகின்றன. அதிலும் புரோக்கர் வாயில் ஏரி என்ற சொல்லே வராது. 'லேக் வியூ' என்பார். கோடையில் மனையைக் காட்டுவார். தரை காய்ந்து கிடக்கும், சாலையில் கல் நட்டிருக்கும், விலை பக்கத்துத் தெருவைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஏன் இறங்கியிருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். அவர் வாங்கமாட்டார், விற்பார். வயலை விற்றுக் கொண்டுவந்த பணத்தைக் கட்டி இன்னொரு ஊரின் நீர்ப்பிடிப்பை வாங்கி வீட்டுக்கு அம்மா பெயரை வைக்கிறவர் நம் ஆள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியிலிருந்து படகில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் இப்படி வந்தவர்கள். விற்றுவிட்டுப் போகலாமே என்று எளிதாகச் சொல்கிறோம். கடன் தவணை முடியாத வீட்டை யார் தலையில் கட்டுவது? அடுத்த பஸ்ஸில் வருகிறவர் தலையில்தான்.

இப்போதும் ஐப்பசி, கார்த்திகையில் முடிச்சூர்க்காரர்கள் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் முழு மட்டம் 24 அடி என்பது அங்கே குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூரைத் தாண்டி, ஆற்றின் கீழ்ப்போக்கில். முடிச்சூரைத் தேடி வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகளின் தண்ணீர். கிளாம்பாக்கத்திலிருந்து பைக்கில் கொஞ்ச நேரத்தில் போய் அந்தக் கலங்கல்களைப் பார்த்துவிட்டு வரலாம். நான் போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைத் தவிர யாரும் இல்லை.