எஞ்சின் நின்றால் எண்ணெய் வரும் வழியே தேடுவோம்

களப்போரக் குடியிருப்பொன்றில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். சொந்த ஊரில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்கள். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் அவர்களுக்குக் காணி இல்லை, தண்ணீர்தான் இருந்தது. தகப்பனும் மகனும் கடன்பட்டு ஒரு பழைய வள்ளமும் எஞ்சினும் வாங்கினார்கள். எஞ்சின் பத்து நிமிடம் நன்றாக ஓடும். பிறகு இருமி இருமி நின்றுவிடும். சற்று நேரம் விட்டு இழுத்தால் மறுபடி ஓடும். பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் காபரேற்றரைக் கழற்றிக் கழுவுவித்தார்கள். ஒரு கிழமை உழைப்பு அதிலே போயிற்று. அடுத்த நாளும் அதே கதை. கடைசியில் அயல் வாடியிலிருந்த முதியவர் ஒருவர் வந்து டாங்கியின் மூடியைக் கழற்றினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று. "தம்பி, மூடியில இருக்கிற காத்துத் திருகாணியை நீங்கள் திறக்கவேயில்லை" என்றார்.

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்வோம்? உடனே வரம்பை வெட்டிப் பார்ப்பதில்லை. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, துருசு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று மேலிருந்து கீழாக நடந்து பார்ப்போம். எஞ்சினுக்கு எண்ணெய் வருவதும் இப்படித்தான். டாங்கி குளம், றப்பர்க் குழாய் வாய்க்கால், காபரேற்றர் வயல் மடை. டாங்கியில் தொடங்கி எண்ணெய் வரும் வழியே ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால், பல கோளாறுகளைக் காசு செலவில்லாமல் நாமே கண்டுபிடிக்கலாம்.

தொடங்குமுன் இரண்டு சொல். நிறுத்தும் ஆளியில் மாட்டும் கயிற்றுக் கிளிப் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் எத்தனை தரம் இழுத்தாலும் எஞ்சின் எழும்பாது. மற்றது, எண்ணெய் வேலை நடக்கும் இடத்தில் பீடி, சுருட்டு, விளக்கு எதுவும் வேண்டாம்.

1. டாங்கி

எண்ணெய் இருக்கிறதா? காற்றுத் திருகாணி திறந்திருக்கிறதா? எண்ணெய் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும். வராவிட்டால் டாங்கிக்குள் வெறுமை உண்டாகி எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முன்சொன்ன குடும்பத்துக்கு நேர்ந்தது இதுதான்.

அடுத்தது தண்ணீர். அரைகுறையாக எண்ணெய் விட்டு வைத்த டாங்கியில் இரவுக் குளிருக்கு உள்ளே பனித்து நீர் சேரும். மழைத்துளியும் அலைத்தண்ணீரும் மூடி வழியே போவதுண்டு. பெற்றோலையும் மண்ணெண்ணெயையும்விடத் தண்ணீர் பாரமானது. அடியில் போய்த் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டாங்கியின் அடி எண்ணெயில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஆடாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகக் கோடு பிரிந்து நிற்கும். அப்படியானால் அடி எண்ணெயை வெளியே எடுத்து, டாங்கியைக் கழுவிக் காயவிடுங்கள்.

2. குழாயும் றப்பர்க் குமிழும்

குழாயின் இடையே கைக்குள் அடங்கும் றப்பர்க் குமிழ் இருக்கிறது. அதில் ஓர் அம்புக்குறி உண்டு. அது எஞ்சினை நோக்கி இருக்கவேண்டும். மாறிப் பூட்டினால் எண்ணெய் போகாது. அம்புக்குறி மேலே பார்க்கக் குமிழைப் பிடித்து அமுக்குங்கள். சில தரம் அமுக்கியதும் அது கல்லுப்போல் இறுகவேண்டும்.

இறுகாமல் தொளதொளவென்றே இருந்தால், எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது குமிழுக்குள் இருக்கும் வால்வு பழுது. குழாயில் வெடிப்பு உண்டா, கிளிப்புகள் இளகியுள்ளனவா, இரு முனையிலும் உள்ள பூட்டுகளின் றப்பர் வளையம் தேய்ந்துள்ளதா என்று பாருங்கள். எண்ணெய் கசியும் இடத்தால் காற்றும் போகும்.

ஓடும்போது குமிழ் சப்பிப்போனால், அடைப்பு குமிழுக்கு முன்னால், டாங்கிப் பக்கம் இருக்கிறது. காற்றுத் திருகாணியையும் டாங்கிக்குள் உறிஞ்சும் குழாயின் வலையையும் பாருங்கள்.

3. பில்ற்றர்

எஞ்சின் மூடிக்குள் சிறு கிண்ணம்போல் இருக்கும். அதில் தூசி, துரு, தண்ணீர் தெரிந்தால் கழற்றிச் சுத்தமான பெற்றோலில் கழுவிப் பூட்டுங்கள். றப்பர் வளையத்தை மறக்கவேண்டாம். டாங்கிக்கு எண்ணெய் விடும்போதே மெல்லிய துணியால் வடித்து விட்டால் இந்த வேலை குறையும்.

4. எண்ணெய்ப் பம்பு

எஞ்சின் நிற்கப் போகும்போது ஒருவர் குமிழை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கட்டும். அப்படி அமுக்கும்போது மட்டும் எஞ்சின் நன்றாக ஓடினால், பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்திருக்கலாம். அல்லது குழாயில் காற்று இழுக்கிறது. இது நல்ல சோதனை மட்டுமல்ல, கரை சேரவும் உதவும்.

5. பிளக்

இதுவரை எல்லாம் சரியென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை இழுத்த பின்னும் அது காய்ந்திருந்தால் எண்ணெய் உள்ளே போகவில்லை. அடைப்பு பெரும்பாலும் காபரேற்றரில். நனைந்திருந்தால் எண்ணெய் போகிறது. சோக்கை இழுத்தபடியே விட்டதால் அளவுக்கு மீறிப் போயிருக்கலாம். அல்லது தீப்பொறி இல்லை. பிளக்கைத் துடைத்து, சோக்கைத் தள்ளிவிட்டு, சில தரம் இழுத்து உள்ளேயுள்ளதை வெளியேற்றிய பின் பூட்டுங்கள்.

6. காபரேற்றர்

இதுதான் கடைசி. முதலில் அதன் அடியிலுள்ள திருகாணியை இளக்கி, தங்கிய எண்ணெயை வடித்துவிட்டுப் பாருங்கள். பல கிழமை ஓடாமல் கிடந்தால் பழைய பெற்றோல் பிசினாகிச் சிறு துவாரத்தை அடைத்துவிடும். அதற்குள் கம்பி விட்டுக் குத்தவேண்டாம். துவாரம் பெருத்தால் பிறகு எண்ணெய் அளவாகப் போகாது. கழுவிக் காற்றடித்துச் சுத்தம் செய்யவேண்டும். இதைக் கடலில் வைத்துச் செய்யவேண்டாம். கரையில், பாய் விரித்து, தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துச் செய்யுங்கள்.

தோட்டக்காரர் விடும் இரு பிழைகள்

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகியவர்கள் நம்மவர்கள். நீரிறைக்கும் எஞ்சினில் பெற்ற அந்த அனுபவம் உதவும். ஆனால் இரண்டு இடங்களில் அது நம்மை ஏமாற்றும்.

ஒன்று, ஓயில். நீரிறைக்கும் எஞ்சினில் ஓயில் அதன் அடியில் தனியே நிற்கும். வள்ளத்தில் பூட்டும் டூ ஸ்ரோக் எஞ்சின் பலவற்றில் ஓயிலை எண்ணெயோடு கலக்கவேண்டும். கலக்காமல் விட்டால் பிஸ்டன் இறுகி எஞ்சினே போய்விடும். வழக்கமான அளவு ஐம்பதுக்கு ஒன்று: 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர், 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். உங்கள் எஞ்சினின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கூடினாலும் கேடுதான், பிளக் கறுத்து, புகை தள்ளும். கண்மதிப்பு வேண்டாம், அளவுப் போத்தல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது, நிறுத்தும் முறை. மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். கரைக்கு வரும்போது மறுபடி பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தவேண்டும். மறந்தால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் காலை எஞ்சின் எழும்பாது. அப்போது அதை வடித்துவிட்டுப் பெற்றோல் ஏற்றுங்கள்.

போகுமுன்

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது பல வள்ளங்கள் கரையிலேயே நின்றதை நாம் மறக்கவில்லை. எண்ணெயை வீணாக்க எமக்கு வசதியில்லை. ஆனால் எண்ணெயைவிடப் பெரியது உயிர். கரைக்காற்று வீசும்போது எஞ்சின் நின்றால் வள்ளம் வெளியேதான் இழுபடும். எனவே சவளும் நங்கூரமும் கயிறும் குடிதண்ணீரும் இல்லாமல் இறங்கவேண்டாம். ஒரு பிளக், பிளக் சாவி, திருகாணிச் சாவி, இரண்டு கிளிப், ஒரு துண்டுக் குழாய் ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருங்கள்.

எஞ்சின் நின்றால் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள். பிறகு இழுகயிற்றைத் தொடாமல் டாங்கி மூடியைத் தொடுங்கள். அங்கிருந்து ஒவ்வொன்றாக வாருங்கள். வீட்டில் இன்னும் ஒருவருக்காவது, மகனானாலும் மகளானாலும், இந்த வரிசையைச் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.